சிரித்த முகமா, குறைந்த கட்டணமா? விமான டிக்கெட் போடும் முன் ஓர் ஒப்பீடு

ஒரே வழித்தடம், ஏறக்குறைய ஒரே நேரம், இரண்டு டிக்கெட்டுகள். ஒன்றில் கட்டணம் குறைவு. இன்னொன்றில் கூடுதல், ஆனால் "ஏர் ஹோஸ்டஸ் எல்லாம் நல்லா கவனிச்சுக்குவாங்க" என்று போய் வந்தவர்கள் சொல்கிறார்கள். நாமே தனியாகப் போவதென்றால் யோசிக்காமல் மலிவானதைப் போட்டுவிடுவோம். அம்மாவையோ அப்பாவையோ தனியாக அனுப்பும்போதுதான், அல்லது கைக்குழந்தையோடு ஏறும்போதுதான், பணம் கட்டும் பொத்தானை அழுத்தக் கை தயங்குகிறது. என்னிடம் இந்தக் கேள்வியைக் கேட்பவர்களில் பெரும்பாலோர் அப்படித் தயங்கி நிற்பவர்கள். அவர்களை மனத்தில் வைத்தே எழுதுகிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு பணியாளர் எத்தனை பயணிகளைப் பார்த்துக்கொள்கிறார், அதற்கு அவருக்கு எவ்வளவு நேரம் இருக்கிறது, எதையெல்லாம் செய்ய அவருக்கு அனுமதி உண்டு, இந்த மூன்றையும் பொறுத்துத்தான் விமானத்துக்குள் நமக்குக் கிடைக்கும் கனிவு கூடுகிறது, குறைகிறது. ஆளுடைய குணத்துக்கும் பங்கு உண்டு. ஆனால் நல்ல குணமுள்ளவரையும் 47 பேருக்கு நடுவில் அரை மணி நேரம் ஓடவிட்டால் முகம் வாடத்தான் செய்யும்.

எதை வைத்து எடை போடுவது

முதலில் ஆள் கணக்கு. 50 பயணி இருக்கைகளுக்குக் குறைந்தது ஒரு கேபின் பணியாளர் என்பது அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் உள்ள விதி. ஏர்பஸ் ஏ320 விமானத்தில் நெருக்கி 186 இருக்கைகள் போட்டால் 4 பேர் இருந்தாக வேண்டும். பட்ஜெட் நிறுவனங்கள் பெரும்பாலும் அந்த 4 பேரோடு நிறுத்திக்கொள்ளும். அதே விமானத்தில் 150 இருக்கைகள் போட்டு 4 பேரை வைக்கும் நிறுவனத்தில் ஒருவரின் பங்குக்கு வருவது 37, 38 பேர்தான். பட்ஜெட்டில் 46, 47. இந்த ஒன்பது பேர் வித்தியாசத்தை உட்கார்ந்த இடத்திலிருந்தே உணரலாம்.

அடுத்தது நேரம். ஒரு மணி நேரப் பயணத்தில் ஏறும் நேரமும் இறங்கும் நேரமும் போக, பணியாளர்கள் எழுந்து நடமாடக் கிடைப்பது சுமார் அரை மணி நேரம். அதற்குள் தள்ளுவண்டி முன்னாலிருந்து பின்னால் போய்த் திரும்ப வேண்டும், குப்பை சேகரிக்க வேண்டும், எல்லோரும் பெல்ட் போட்டிருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். இவ்வளவு குறுகிய பயணத்தில் எந்த நிறுவனமாக இருந்தாலும் உபசரிப்பில் பெரிய வித்தியாசம் தெரியாது. நான்கு மணி நேரம் தாண்டினால் தெரியும். எட்டு மணி நேரம் தாண்டினால் நன்றாகவே தெரியும்.

மூன்றாவது, பயணிக்கு உண்மையில் என்ன தேவை. தண்ணீரும் ஒரு புன்னகையும் போதுமா, அல்லது யாராவது பக்கத்தில் வந்து பொறுமையாகப் பேச வேண்டுமா? நான்காவது, சிக்கல் வந்தால் யார் பொறுப்பு. இணைப்பு விமானம் தவறினால் அடுத்ததில் ஏற்றிவிட ஆள் உண்டா?

பாதுகாப்பை நான் இந்த அளவுகோல்களில் சேர்க்கவில்லை. காரணம், குறைந்தபட்ச ஆள் எண்ணிக்கையையும் அவசரகாலப் பயிற்சியையும் நிர்ணயிப்பவை விமானப் போக்குவரத்து ஒழுங்குமுறை அமைப்புகள். பட்ஜெட் என்பதற்காக அவை தளர்வதில்லை. வெளியேறும் கதவுகளில் பாதி அடைபட்டிருந்தாலும் 90 விநாடிகளில் எல்லோரும் வெளியேற முடியும் என்று காட்டிய பிறகுதான் ஒரு பயணிகள் விமான வகைக்குச் சான்று கிடைக்கிறது. 2024 ஜனவரி 2 அன்று டோக்கியோவின் ஹனேடா விமான நிலையத்தில், இறங்கிய ஜப்பான் ஏர்லைன்ஸ் விமானம் ஓடுபாதையில் நின்றிருந்த கடலோரக் காவல்படை விமானத்தின் மேல் மோதித் தீப்பிடித்தது. அந்தச் சிறிய விமானத்தில் இருந்த 6 பேரில் 5 பேர் இறந்துபோனார்கள். பயணிகள் விமானத்தில் இருந்த 379 பேரும் உயிரோடு வெளியே வந்தார்கள். ஒலிபெருக்கி அமைப்பு வேலை செய்யவில்லை. 8 கதவுகளில் 3 மட்டுமே பயன்பட்டன. பணியாளர்கள் கையில் பிடிக்கும் ஒலிபெருக்கியாலும் தங்கள் சொந்தக் குரலாலும் கூட்டத்தை வழிநடத்தினார்கள். அந்த நிமிடங்களில் அவர்கள் கத்தியிருப்பார்கள், பையை விடச் சொல்லி அதட்டியிருப்பார்கள். பரிமாறுவதற்கும் முன்னால் அவர்களுடைய வேலை அதுதான். 1930இல் விமானத்துக்குள் பயணிகளைக் கவனிக்கும் பணிக்கு வந்த முதல் பெண்ணான எலன் சர்ச் ஒரு செவிலியர் என்பதையும் இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

நாம் கோபப்படும் சில விஷயங்கள்

ஒப்பீட்டுக்குள் போகும் முன் இதைச் சொல்லியாக வேண்டும். பயணிகளின் குறைகளைக் கேட்டுப் பார்த்தால், பாதிக்கு மேல் எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவானவையாக இருக்கின்றன. அவற்றுக்காக நிறுவனத்தை மாற்றிப் பயனில்லை.

"பெட்டியை மேலே தூக்கி வைக்கச் சொன்னேன், முடியாது என்று சொல்லிவிட்டார்." பல நிறுவனங்கள் பயணியின் பெட்டியைத் தனியாகத் தூக்க வேண்டாம் என்றே பணியாளர்களிடம் சொல்கின்றன. ஒரு நாளைக்கு நான்கு பயணம், ஒவ்வொன்றிலும் பத்துப் பெட்டி என்று தூக்கினால் முதுகும் தோளும் என்ன ஆகும்?

"அழைப்பு மணியை அழுத்தினேன், யாரும் வரவில்லை." பெல்ட் விளக்கு எரியும்போது அவர்களும் உட்கார்ந்திருக்க வேண்டியிருக்கலாம். 2024 மே மாதம் சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் லண்டன் - சிங்கப்பூர் விமானம் கடுமையான காற்றுக் குலுக்கலில் சிக்கி ஒருவர் இறந்தார், பலர் காயமடைந்தார்கள். அதன் பிறகு அந்த நிறுவனம், பெல்ட் விளக்கு எரியும்போது சூடான பானங்கள் தருவதை மட்டுமல்லாமல் உணவு பரிமாறுவதையும் நிறுத்திவைக்கத் தொடங்கியது. உபசரிப்புக்குப் பேர்போன நிறுவனமே அப்படி முடிவெடுத்தது. காபி தாமதமாவது அங்கே அக்கறையின் அடையாளம்.

"வயதானவரைக் கழிப்பறைக்குள் கூட்டிப்போகவில்லை." கதவு வரை கைபிடித்து அழைத்துப் போவார்கள். உள்ளே உதவுவது, ஊட்டிவிடுவது, ஊசி போடுவது ஆகியவை பொதுவாக அவர்கள் வேலையில் சேராது. அந்த அளவு உதவி தேவைப்படும் ஒருவரைத் தனியாக அனுப்பவே கூடாது, எவ்வளவு விலை உயர்ந்த டிக்கெட்டாக இருந்தாலும் சரி.

இன்னொன்றும் உண்டு. நாம் விமானத்துக்குள் ஏறி, பெட்டிகளை வைத்து, இடம் மாறி, சச்சரவு செய்யும் அந்த நேரத்துக்குப் பல நிறுவனங்களில் பணியாளர்களுக்குச் சம்பளமே கிடையாது. கதவு மூடிய பிறகுதான் கணக்கு ஓடும். அமெரிக்காவின் டெல்டா விமான நிறுவனம் 2022இல் பயணிகள் ஏறும் நேரத்துக்குப் பாதி விகிதத்தில் சம்பளம் தரத் தொடங்கியது. 2025 ஆகஸ்டில் ஏர் கனடாவின் 10,000க்கும் மேற்பட்ட பணியாளர்கள் வேலைநிறுத்தம் செய்ததற்கு இந்தத் தரை நேரச் சம்பளமும் ஒரு முக்கியக் காரணம். வாசலில் நின்று வணக்கம் சொல்பவர் எந்த நிலையில் நிற்கிறார் என்று தெரிந்தால் நமக்கும் கொஞ்சம் பொறுமை வரும்.

முழுச் சேவை விமானம்

உணவு, பானம், சரக்குப் பெட்டி, போர்வை எல்லாம் கட்டணத்துக்குள் அடங்கியவை. அதனால் பணியாளர் நம்மிடம் வரும்போது கையில் விற்பனைக் கருவி இருக்காது. நம்மைப் பார்த்துப் பேசவும் சமயம் இருக்கும். நீண்ட தூர விமானங்களில் குறைந்தபட்சத்துக்கு மேல் ஆட்களை வைப்பதும் இந்த நிறுவனங்களில்தான் அதிகம். பயணிகள் நெகிழ்ந்து சொல்லும் கதைகள் பெரும்பாலும் இங்கிருந்தே வருகின்றன: அழுத குழந்தையைச் சற்று நேரம் தூக்கி வைத்துக்கொண்டார், முதல் முறை பறக்கும் பெரியவருக்குப் பெல்ட் போடச் சொல்லிக்கொடுத்தார், இறங்கும்போது பெயர் சொல்லி விடைகொடுத்தார்.

குழந்தையோடு போகிறவர்களுக்கு இங்கே ஒரு பெரிய வசதி உண்டு. நீண்ட தூர விமானங்களில் முன்சுவரில் மாட்டும் தொட்டில் கிடைக்கும். அதற்கு எடை வரம்பு உண்டு, எண்ணிக்கையும் குறைவு. டிக்கெட் போட்ட அன்றே கேட்டு வைக்க வேண்டும். தனியாகப் பயணம் செய்யும் சிறுவர்களைப் பொறுப்பேற்று அழைத்துச் செல்லும் ஏற்பாடும் முழுச் சேவை நிறுவனங்களில்தான் பெரும்பாலும் இருக்கிறது. பல பட்ஜெட் நிறுவனங்கள் அதை ஏற்பதே இல்லை.

இனி மறைந்திருக்கும் செலவுகள். முதலாவது, பெயர் ஒன்று, பறப்பது வேறு. கூட்டு டிக்கெட் முறையில் நீங்கள் வாங்கியது ஒரு நிறுவனத்தின் டிக்கெட்டாக இருக்கும். ஒரு கட்டத்தில் அதைப் பறக்கவிடுவது இன்னொரு நிறுவனமாக இருக்கும். சில சமயம் விமானத்தையும் பணியாளர்களையும் சேர்த்தே வேறொருவரிடமிருந்து வாடகைக்கு எடுத்திருப்பார்கள். என் அம்மா முதன்முறை தனியாகப் போனபோது எங்களுக்கு நடந்தது இதுதான். நல்ல பெயருள்ள நிறுவனம் என்று நம்பிக் கூடுதல் பணம் கட்டினோம். முதல் விமானத்தில் அவரைத் தாங்கு தாங்கென்று தாங்கினார்கள். இரண்டாவது விமானம் கூட்டாளி நிறுவனத்துடையது. அம்மாவுக்குத் தெரிந்த மொழியைப் பேச ஒருவரும் இல்லை. சாப்பாடு வேண்டுமா என்று கேட்டது புரியாமல் தலையாட்டியிருக்கிறார், வேண்டாம் என்று எடுத்துக்கொண்டு நகர்ந்துவிட்டார்கள். ஆறு மணி நேரம் வெறும் வயிற்றோடு உட்கார்ந்து வந்தார். இன்னொரு முறை கேட்கக் கூச்சமாக இருந்தது என்று வீட்டுக்கு வந்த பிறகுதான் சொன்னார். முன்பதிவுப் பக்கத்தில் சிறிய எழுத்தில் "இந்த விமானத்தை இயக்குவது" என்று ஒரு வரி இருந்திருக்கிறது. நான்தான் படிக்கவில்லை. அந்த வரியைத்தான் நீங்கள் முதலில் படிக்க வேண்டும்.

இரண்டாவது, முழுச் சேவை நிறுவனங்களும் இப்போது எகானமிக்குள்ளேயே பல படிகள் வைத்திருக்கின்றன. மிகக் குறைந்த படியில் சரக்குப் பெட்டியோ இருக்கைத் தேர்வோ இல்லாமல் போகலாம். முழுச் சேவை என்று நினைத்துப் பாதிச் சேவை வாங்கிவிடாதீர்கள்.

மூன்றாவது, இரவு. நீண்ட பயணத்தில் பணியாளர்கள் முறைவைத்து ஓய்வெடுப்பார்கள். 12 பேர் உள்ள விமானத்தில் நள்ளிரவில் 6 பேர்தான் நடமாடுவார்கள். அந்த நேரத்தில் மணி அடித்துக் காத்திருப்பதைவிட, நடக்க முடிந்தால் பின்பக்கச் சமையல் பகுதிக்கு நாமே போய்க் கேட்பது மேல். பல நல்ல உரையாடல்கள் அங்கேதான் நடக்கின்றன.

பட்ஜெட் விமானம்

பட்ஜெட் என்றாலே கடுகடுப்பு என்ற எண்ணம் தவறு. அமெரிக்காவின் சவுத்வெஸ்ட் 1971இல் குறைந்த கட்டணத்தோடு பறக்கத் தொடங்கிய நிறுவனம். அதன் பணியாளர்கள் பாதுகாப்பு அறிவிப்பைக்கூட வேடிக்கையாகச் சொல்லிச் சிரிக்கவைப்பதற்குப் பேர்போனவர்கள். கனிவுக்கும் கட்டணத்துக்கும் நேர்த் தொடர்பு இல்லை என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

ஆனால் வேலையின் அமைப்பு வேறு. விமானம் தரையில் நிற்கும் நேரத்தை 25, 30 நிமிடங்களுக்குள் சுருக்குவதில்தான் இந்தத் தொழிலின் லாபம் இருக்கிறது. அந்த இடைவெளியில் பல நிறுவனங்களில் பணியாளர்களே குப்பை எடுத்து இருக்கைகளைச் சரிசெய்கிறார்கள். பறக்கும்போது விற்கவும் வேண்டும். விற்பனையில் அவர்களுக்குப் பங்கு தரும் நிறுவனங்களும் உண்டு. அப்படி மூன்றாவது, நான்காவது பயணத்தில் இருப்பவரிடம் நாம் எதிர்பார்க்கும் மலர்ச்சி குறைவாக இருந்தால் அதை நான் அவர் குற்றமாக எடுத்துக்கொள்வதில்லை.

மறைந்திருக்கும் செலவுகள் எல்லோருக்கும் ஓரளவு தெரிந்தவைதான்: பெட்டி, இருக்கை, உணவு, சில இடங்களில் செக்-இன் கூட. அதிகம் பேசப்படாதவை வேறு இரண்டு. ஒன்று, இருக்கைத் தேர்வுக்குப் பணம் கட்டாவிட்டால் குடும்பம் பிரிந்து உட்காரக்கூடும். பிறகு ஏறும் நேரத்தில் பணியாளரிடம் மன்றாட வேண்டும். அவர் எல்லாருடைய இடத்தையும் மாற்ற முடியாது, அங்கேதான் பெரும்பாலான மனக்கசப்பு தொடங்குகிறது. "அவர் கடுமையாகப் பேசினார்" என்ற பல புகார்களின் வேர், டிக்கெட் போட்ட அன்று நாம் மிச்சம் பிடித்த சிறு தொகையில் இருக்கிறது. இரண்டு, தனித்தனியாக வாங்கிய இரண்டு பட்ஜெட் டிக்கெட்டுகளுக்கு இடையே தொடர்பு கிடையாது. முதலாவது தாமதமாகி இரண்டாவது போய்விட்டால், அது நம் தலைவலி. விமானத்துக்குள் இருப்பவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் அதில் அவரால் ஒன்றும் செய்ய முடியாது.

மூன்று மணி நேரத்துக்குள் முடியும் நேரடிப் பயணம், ஒரு தோள்பை, தானே சமாளிக்கத் தெரிந்த பயணி. இந்த மூன்றும் சேர்ந்தால் பட்ஜெட்டைத் தாராளமாகப் போடலாம். கூடுதல் பணம் கொடுத்து வாங்கும் உபசரிப்பை அனுபவிக்கவே அங்கே நேரம் இருக்காது.

பிரீமியம் எகானமி

1990களின் தொடக்கத்தில் ஈவா ஏர், வர்ஜின் அட்லாண்டிக் போன்ற நிறுவனங்கள் தொடங்கிவைத்த நடுத்தர வகுப்பு இது. எகானமியில் இருக்கைக்கு இருக்கை இடைவெளி 31 அங்குலம் அளவில் இருந்தால் இங்கே 38 அங்குலம் அளவில் இருக்கும். உபசரிப்பைப் பொறுத்தவரை இதன் பலம், அந்தப் பகுதி சிறியது என்பது. சில வரிசைகளே இருப்பதால் பணியாளர் ஒவ்வொருவர் முகத்தையும் நினைவில் வைத்துக்கொள்ள முடிகிறது. கூட்டம் குறைவாக இருக்கும்போது குரலும் தணிந்துதான் ஒலிக்கிறது.

மறைந்த செலவு என்னவென்றால், சில நிறுவனங்களில் எகானமியைக் கவனிக்கும் குழுவே இதையும் சேர்த்துக் கவனிக்கிறது. நீங்கள் வாங்கியது இருக்கையைத்தான், ஆளை அல்ல. முழங்கால் வலிக்காக வாங்கினால் மனநிறைவு கிடைக்கும். கவனிப்புக்காக மட்டும் வாங்கினால் ஏமாற்றமாக இருக்கலாம்.

பிசினஸ் கிளாஸ் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. கவனிப்பு நன்றாகவே இருக்கும், பண வசதி இருந்தால் போடுங்கள். இந்தக் கட்டுரையைத் தேடி வருகிறவர்களின் குழப்பம் அது இல்லை.

மற்றவர்களின் கருத்துகளை எப்படிப் படிப்பது

விமானம் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் மிகவும் கோபப்பட்டவர்கள், அல்லது மிகவும் மகிழ்ந்தவர்கள். சும்மா போய் வந்தவர்கள் எழுதுவதில்லை. அதனால் நட்சத்திர எண்ணிக்கையை விட்டுவிட்டு வாக்கியங்களைப் படியுங்கள். "மோசம்", "அருமை" என்பவற்றைத் தள்ளிவிட்டு, என்ன நடந்தது என்று சொல்பவற்றை எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் வழித்தடத்தைப் பற்றியதா, ஓராண்டுக்குள் எழுதப்பட்டதா, உங்களைப் போன்ற பயணி எழுதியதா என்று பாருங்கள். தனியாகப் போகும் இளைஞர் தந்த ஐந்து நட்சத்திரம் முதியவருக்கு ஒன்றும் சொல்லாது.

விமான நிறுவனங்களை மதிப்பிடும் ஸ்கைட்ராக்ஸ் போன்ற அமைப்புகள் சிறந்த கேபின் பணியாளர்களுக்கென்றே விருது தருகின்றன. பொதுவான ஒரு படத்துக்கு அது உதவும். ஆனால் விருது நிறுவனத்துக்குக் கிடைக்கிறது, நமக்குக் கிடைப்பது அன்றைய குழு.

நான் தேடிப் பார்ப்பது ஒரே விஷயம்: ஏதாவது தவறு நடந்தபோது பணியாளர்கள் என்ன செய்தார்கள்? சாப்பாடு தீர்ந்துபோனபோது, விமானம் தரையிலேயே இரண்டு மணி நேரம் நின்றபோது, ஒருவருக்கு மயக்கம் வந்தபோது. "தாமதத்துக்கு என்ன காரணம் என்று அரை மணி நேரத்துக்கு ஒருமுறை வந்து சொன்னார்கள்" என்ற ஒரு வரி எனக்கு நூறு புன்னகைகளைவிடப் பெரிது.

யாருக்கு எது

முதன்முறை பறக்கும் முதியவர், தனியாக: முழுச் சேவை, நேரடி விமானம். இரண்டில் ஒன்றுதான் கையில் கிடைக்கும் என்றால் நேரடி விமானத்தையே எடுங்கள், அது பட்ஜெட்டாக இருந்தாலும். இணைப்பு விமான நிலையத்தில் தொலைந்து நிற்பதன் பயத்தை எந்த உபசரிப்பும் ஈடுகட்டாது. சக்கர நாற்காலி உதவி இரண்டிலும் கிடைக்கும். அதைத் தருவது பெரும்பாலும் தரைப் பணியாளர்கள், கேபின் குழு இல்லை. குறைந்தது 48 மணி நேரம் முன்பே பதிவு செய்யுங்கள்.

கைக்குழந்தையோடு நீண்ட இரவுப் பயணம்: முழுச் சேவை, தொட்டில் இருக்கை உறுதியான பிறகு. தொட்டில் கிடைக்காவிட்டால், பகல் விமானத்தில் பட்ஜெட் டிக்கெட்டோடு ஓர் இருக்கையைக் கூடுதலாக வாங்குவது சில சமயம் மலிவாகவும் வசதியாகவும் முடியும். இரண்டு தொகைகளையும் எழுதிப் பாருங்கள். கூடுதல் இருக்கைக்குக் குழந்தையின் வயது, இருக்கை வகை பற்றிய விதிகள் உண்டு, முன்பே கேட்டுவிடுங்கள்.

இடைவெளி இல்லாமல் வேலைக்காகப் பறப்பவர்: குறுகிய தூரத்துக்குப் பட்ஜெட், நீண்ட தூரத்துக்கு உடம்பு கேட்டால் பிரீமியம் எகானமி. மாணவர், தனியாக, முதன்முறை வெளிநாடு: ஒரே டிக்கெட்டாக வாங்கிய முழுச் சேவை. அங்கே நான் பணம் கட்டுவது உணவுக்காக இல்லை, இணைப்பு தவறினால் அடுத்த விமானத்தில் ஏற்றிவிடும் பொறுப்புக்காக.

அம்மா இந்த ஆண்டு மறுபடியும் போகிறார். இந்த முறை நேரடி விமானம், ஒரு பட்ஜெட் நிறுவனத்தில். முன்வரிசை இருக்கைக்கும் உணவுக்கும் முன்கூட்டியே பணம் கட்டியாயிற்று. எல்லாம் சேர்த்தும் சென்ற முறையைவிடக் குறைவாகத்தான் வந்தது. அவருக்குத் தெரிந்த மொழி பேசும் பணியாளர்கள் அந்த வழித்தடத்தில் இருப்பார்களா என்று நிறுவனத்துக்குத் தொலைபேசியில் கேட்டேன். வழக்கமாக ஒருவராவது இருப்பார், உறுதி தர முடியாது என்றார்கள். நேர்மையான பதிலாகப் பட்டது. அப்புறம் ஒரு சிறிய அட்டையில், "எனக்கு உங்கள் மொழி தெரியாது. எனக்குச் சாப்பாடு வேண்டும். இது என் முதல் நேரடிப் பயணம். தயவுசெய்து மெதுவாகச் சைகையில் சொல்லுங்கள்" என்று ஆங்கிலத்தில் எழுதி அவர் கைப்பையில் வைத்திருக்கிறேன். ஏறியதும் முதலில் பார்க்கும் பணியாளரிடம் அதைக் காட்டச் சொல்லியிருக்கிறேன்.